கடுவன் போகும், மந்தி இருக்கும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலையில் கேரளத்தின் கடைசி ஊர் பாறசாலை. அதைத் தாண்டினால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கோட்டின் இரு பக்கத்திலும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் குடும்பங்கள் இன்றும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்கின்றன. நான் அந்தப் பக்கத்தில் பிறந்தவன். விலங்கியல் படித்து, பள்ளியில் பாடம் நடத்தி, பிறகு பிள்ளைகளோடு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவன்.

மழை ஓய்ந்த காலைகளில் எங்கள் ஊரிலிருந்து வடகிழக்கே பார்த்தால் அகத்தியமலை தெரியும். உயரம் 1,868 மீட்டர். நெய்யாறு அங்கேதான் பிறக்கிறது. மறுபுறம், கிழக்குச் சரிவில், தாமிரபரணி. ஒரே மலையை இரண்டு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் அங்கே குடியிருக்கும் ஒரு சமூகத்துக்கு அந்தப் பங்கீடு இன்றுவரை தெரியாது. மலையாளத்தில் அதை நாடன் குரங்கு என்பார்கள், தமிழில் நாட்டுக்குரங்கு. இந்தப் பாடம் அந்தச் சமூகத்தைப் பற்றியது.

சென்ற பருவத்தில் நம் ஞாயிறு தமிழ் வகுப்பில் 'குரங்கு' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். பெரும்பாலான பிள்ளைகள் மிருகக்காட்சிசாலையைப் பற்றி எழுதினார்கள். ஒரு சிறுமி மட்டும், "எங்கள் பாட்டி வீட்டில் குரங்கு சோப்பை எடுத்துக்கொண்டு போனது" என்று எழுதினாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. சோப்பை எடுத்தது ஆணா பெண்ணா, அது எந்தக் கூட்டத்துக் குரங்கு, கூட்டத்தில் அதற்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். அப்படியெல்லாம் கூடக் கேட்கலாமா என்று பார்த்தாள். கேட்கலாம். அப்படிக் கேட்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மலையில் யார் யார்?

மனிதனும் குரங்குகளும் அடங்கிய பாலூட்டி வரிசைக்கு விலங்கியலில் பிரைமேட் என்று பெயர். அகத்தியமலைத் தொடரில் நம்மைத் தவிர இந்த வரிசையில் ஐந்து வகை உண்டு. இரவில் மட்டும் நடமாடும் தேவாங்கு, உயர்ந்த மழைக்காட்டில் சிங்கவால் குரங்கு, அதே காட்டில் இலை தின்னும் கருங்குரங்கு, கிழக்குப் பக்கத்து வறண்ட காட்டில் சாம்பல் நிற அனுமான் குரங்கு, இவற்றோடு எல்லா இடத்திலும் நம் நாட்டுக்குரங்கு. தொல்காப்பிய மரபியலும் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்று பெயரைப் பிரித்துச் சொல்லி, மூன்றிலும் பெண்ணுக்கு மந்தி என்று பெயர் தருகிறது. கண்ணில் படுவதையெல்லாம் 'மங்கி' என்று முடித்துவிடும் இந்தக் காலத்தைவிட அந்தக் காலத்தவர் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

சிங்கவால் குரங்குக்குத்தான் பெரும்புகழ். ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களில் இந்த மலைத்தொடரில் அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 1977இல் எழுதினார்கள். அதைக் காப்பதற்கென்றே 1976இல் களக்காடு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கருங்குரங்கின் கதை துயரமானது. 'கருங்குரங்கு ரசாயனம்' என்று மருந்துக்காக அதைக் கொன்று தீர்த்தார்கள். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று எங்கள் ஊரிலும் அந்தக் காலத்தில் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத் தடை போட்டது. ஜான் ஓட்ஸ் என்ற ஆய்வாளர் மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சிக் காட்டில் கருங்குரங்கு எந்த இலையைத் தின்னும், எதை ஒதுக்கும் என்று பார்த்து, அந்த இலைகளின் வேதியியலையும் ஆராய்ந்து 1980இல் சக ஆய்வாளர்களோடு கட்டுரை வெளியிட்டார்.

இவை அரியவை. நான் சொல்ல வந்தது எளியதைப் பற்றி.

நாட்டுக்குரங்கின் தலைமுடி நடு உச்சியிலிருந்து நாலாபுறமும் பிரிந்து குல்லாய் வைத்ததுபோல் இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு 'பானெட் மக்காக்' என்று பெயர் வந்தது அதனால்தான். உலகில் தென்னிந்தியாவைத் தவிர வேறு எங்கும் இயற்கையாக இது கிடையாது. அதிலும் நம் தென்கோடிப் பகுதியில் இருப்பது வயிற்றுப் பக்கம் வெளுத்த ஓர் உள்ளினம் என்று போக்காக் என்ற விலங்கியலார் 1931இல் பிரித்துப் பெயரிட்டார். ஆகவே பாறசாலைச் சந்தையில் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடுவது லண்டன் நூல்களில் தனிப்பெயர் பெற்ற பிராணி!

முண்டந்துறையில் ஒரு மாணவர்

1970களின் பிற்பகுதியில் ரவூஃப் அலி என்ற இளைஞர் பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறைக் காட்டில் நாட்டுக்குரங்குகளின் பின்னால் நடந்தார். அகத்தியமலை நாட்டுக்குரங்கின் சூழலியலும் சமூக நடத்தையும் என்பதே அவருடைய ஆய்வுத் தலைப்பு. அதற்கு 1981இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. பிற்காலத்தில் புதுச்சேரியில் இருந்து மாணவர்களுக்குச் சூழலியல் கற்பித்தார், அந்தமான் தீவுகளிலும் ஆராய்ந்தார். 2016இல் மறைந்தார். அவருடைய காட்டு அனுபவங்கள் ஆங்கிலத்தில் புத்தகமாக 2018இல் வெளிவந்தன.

இதை ஊரில் சொன்னபோது, "கொரங்கப் பாத்ததுக்கா டாக்டர் பட்டம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். குரங்கைப் பார்ப்பது வேறு, குரங்கின் சமூகத்தைப் பார்ப்பது வேறு. இரண்டாவதற்கு முறை வேண்டும்.

முதல் படி, பழக்கப்படுத்துவது. ஆய்வாளர் தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில், தின்ன எதுவும் கொடுக்காமல் கூட்டத்தின் ஓரத்தில் போய் நிற்பார். முதலில் ஓடும், பிறகு முறைக்கும். மாதக்கணக்கில் போனால் மரம், பாறை, மனிதன் என்று இவரையும் சேர்த்துக்கொண்டு அதன் வேலையைப் பார்க்கும். இரண்டாவது, ஒவ்வொரு குரங்கையும் முகம் பார்த்து அறிவது. காது கிழிந்தது, விரல் ஒடிந்தது, மூக்கில் தழும்பு, வாலில் மடிப்பு. இது முடியாமல் எதுவும் தொடங்காது. மூன்றாவது, கண்ணைக் கவர்வதை மட்டும் எழுதாமலிருப்பது. சண்டை நம் கண்ணை இழுக்கும், சும்மா உட்கார்ந்திருப்பது இழுக்காது. அதனால் குரங்கு எப்போதும் சண்டை போடுகிறது என்று எழுதிவிடுவோம். ஜீன் ஆல்ட்மன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1974இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு வழி சொன்னது. ஒரு குரங்கைத் தேர்ந்துகொண்டு, குறித்த நேரம் வரை அது மட்டும் என்ன செய்கிறது என்று எழுது. அல்லது குறித்த இடைவெளிக்கு ஒருமுறை கண்ணில் படும் எல்லாக் குரங்கும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று எழுது. அவ்வளவுதான். உலகம் முழுவதும் குரங்கு ஆய்வாளர் கையில் இன்றும் இருக்கும் கருவி இதுவே.

2019 விடுமுறையில் வெள்ளறடைப் பக்கம் உறவினர் வீட்டில் மூன்று வாரம் தங்கியபோது நானும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து பார்த்தேன். ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே பழைய அயினி மரங்கள் நாலைந்து நின்றன, அங்கே இருபதுக்கு மேல் குரங்கு கொண்ட ஒரு கூட்டம் வரும். முதல் வாரம் எனக்கு எல்லாம் ஒரே முகம். இரண்டாம் வார முடிவில் ஐந்து முகம் தெரிந்தது. 'கிழிகாதி' என்று நான் பெயர் வைத்த ஒரு வயதான மந்தியை அன்றிலிருந்து விடவில்லை. அவள் நகர்ந்தால் மூன்று மந்திகள் நகரும். அவள் ஒரு கிளைக்குப் போனால் அங்கே இருப்பது எழுந்து இடம் கொடுக்கும், சத்தமே இருக்காது. சண்டையைத் தேடிக்கொண்டிருந்தவன் கண்ணுக்கு இது இரண்டு வாரம் படவில்லை.

வீட்டை ஆளுவது யார்?

கூட்டத்தின் தலைவன் பெரிய கடுவன் என்று நாம் நினைக்கிறோம். பெரிய உடம்பும் கோரைப்பல்லும் அவனுக்கு உண்டு, மந்திகளை விரட்டவும் செய்வான். ஆனால் பல தலைமுறையாகக் கூட்டத்தைக் கூட்டமாக வைத்திருப்பது அவன் அல்ல. மக்காக் இனத்தில் பிறந்த கூட்டத்திலேயே சாகும்வரை இருப்பது பெண். ஆண் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் புறப்பட்டுவிடும். ஆகவே ஒரு கூட்டம் என்றால் பாட்டி, மகள், பேத்தி, சித்தி, பெரியம்மா என்ற தாய்வழிக் குடும்பங்கள் சில சேர்ந்தது. கடுவன்கள் வேற்றூரிலிருந்து வந்து சில காலம் இருந்து போகிறவர்கள். மருமக்கத்தாயம் என்ற தாய்வழிச் சொத்துரிமை இருந்த நாட்டில் பிறந்த எனக்கு இதைப் படித்தபோது வியப்பைவிடச் சிரிப்புதான் வந்தது.

மதிப்பும் தாய்வழியே இறங்குகிறது. உயர்ந்த இடத்து மந்தியின் குட்டி, வேறொருத்தியின் உணவைத் தொட்டால் அந்த வளர்ந்த மந்தி ஒதுங்கிப் போகும். குட்டியைக் கண்டு அல்ல, குட்டிக்குப் பின்னால் வரப்போகும் தாயையும் பாட்டியையும் எண்ணி. ஜப்பானில் கவாமுரா என்பவர் 1958இல் இன்னொரு விநோதத்தை எழுதினார். மகள்கள் தாய்க்கு அடுத்த இடத்தைப் பெறுவார்கள், ஆனால் அவர்களுக்குள் இளையவளே மூத்தவளை முந்துவாள். சண்டையில் தாய் சின்னவள் பக்கம் நிற்பதால் அப்படி. நம் வீடுகளில் மூத்த பெண்கள் காலங்காலமாகச் சொல்லும் புகார் இது என்பதைத் தாய்மார்கள் கவனிக்கவும்.

ஜப்பானியரைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. கோஜிமா என்ற சிறு தீவில் ஆய்வாளர்கள் கடற்கரையில் போட்ட சீனிக்கிழங்கை, இமோ என்ற ஒன்றரை வயதுப் பெண்குட்டி 1953இல் தண்ணீரில் கழுவி மண் போக்கித் தின்றது. அவளோடு விளையாடிய குட்டிகள் கற்றன, அவள் தாய் கற்றது. பிறகு அது பெரும்பாலான கூட்டத்துக்கும் பரவியது. வளர்ந்த கடுவன்களில் பெரும்பாலானவை மட்டும் கற்கவேயில்லை. புதிய பழக்கம் ஒரு கூட்டத்தில் யார் வழியாக நுழைகிறது, யாரிடம் போய் நிற்கிறது என்பதற்கு இது இன்றும் பாடநூல் உதாரணம்.

நம் நாட்டுக்குரங்கில் கடுவன்களும் ஒரு வகையில் தனி ரகம். வடநாட்டுச் செம்முகக் குரங்கில் வளர்ந்த ஆண்கள் ஒருவரையொருவர் நெருங்குவதே அரிது. நாட்டுக்குரங்கிலோ நாலைந்து கடுவன்கள் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். பால் சைமண்ட்ஸ் என்பவர் 1960களில் தென்னிந்தியாவில் ஆராய்ந்து 1965இல் எழுதியபோதே இந்த இணக்கம் பதிவாகிவிட்டது. பேன் பார்ப்பது சுத்தத்துக்கு மட்டும் அல்ல. அது குரங்குச் சமூகத்தின் மொய் எழுதுவது. இன்று எனக்கு நீ பார்த்தாய், நாளை சண்டையில் உன் பக்கம் நான். யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டு வரைந்தால் கூட்டத்தின் உறவுமுறை முழுவதும் ஒரு தாளில் வந்துவிடும்.

குறுந்தொகையில் கடுந்தோட் கரவீரனார் பாடிய ஒரு பாட்டு, 69ஆவது, இங்கே நினைவுக்கு வருகிறது. கடுவன் இறந்த துயரம் தாங்காத மந்தி, மலையிலிருந்து விழுந்து உயிர்விடும் முன்பு இன்னும் மரமேறக்கூடக் கற்காத தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டுப் போகிறது. மந்தி துணைக்காக உயிர் விடுவது கவிஞர் கற்பனை, கடுவன் போனால் இன்னொரு கடுவன் வருவதே காட்டின் வழக்கம். ஆனால் குட்டியை யாரிடம் விட வேண்டும் என்று கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது. தாயை இழந்த மக்காக் குட்டியைச் சில சமயம் அக்காளோ நெருங்கிய உறவோ அணைத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். அந்தச் சுற்றம் எது என்று கண்டுபிடிக்க நம் காலத்தவருக்கு முகம் பார்த்துப் பேரெழுதும் முறை தேவைப்பட்டது.

கூட்டம் மிகப் பெருத்தால் பிரியும். அப்போதும் தாய்வழிக் குடும்பம் குடும்பமாகவே பிரிவது மக்காக்குகளின் பொது வழக்கம். கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாங்கோட்டைக்குப் போனவர்கள் 'கோயில் குரங்கு', 'சந்தைக் குரங்கு' என்று ஊரார் இரண்டாகப் பிரித்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கோயில் வளாகத்தில் இருப்பவை சந்தைக்காரரை உள்ளே விடாது, சந்தையில் இருப்பவை கடைத்தெருவை நம்பிப் பிழைக்கும். ஊரார் அதைக் கோயில் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பாகம் பிரிந்த குடும்பமாகத் தெரிகிறது.

சோறும் சமூகமும்

எல்லாக் குரங்கும் இப்படியே வாழ்வதில்லை. கர்நாடகத்துத் தார்வாரில் 1960களின் தொடக்கத்தில் அனுமான் குரங்கை ஆராய்ந்த ஜப்பானியர் சுகியாமா, அங்கே பல கூட்டங்களில் ஒரே ஒரு வளர்ந்த ஆண் இருப்பதையும், புதிய ஆண் வந்து பழையவனைத் துரத்தியபின் குட்டிகளைக் கொல்வதையும் கண்டு உலகைத் திடுக்கிட வைத்தார். ஏன் ஓரினத்தில் ஓர் ஆண், இன்னோரினத்தில் பல ஆண்? பிரிஸ்டலில் இருந்த ஜான் குரூக்கும் கார்ட்லனும் 1966இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு வழி காட்டியது. உணவு எங்கே, எப்படிச் சிதறிக் கிடக்கிறது, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைப் பார், சமூகத்தின் வடிவம் புரியும். நடத்தையையும் சூழலையும் சேர்த்துப் படிப்பது என்பதன் பொருள் இதுதான்.

நாட்டுக்குரங்கின் ஆபத்தில் பெரியது சிறுத்தை. உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் தென்னிந்தியாவில் சிறுத்தைப் பொம்மையைத் திடீரென்று காட்டிச் சோதித்து 2000இல் எழுதினார்கள். புள்ளிபோட்ட தோலைக் கண்ட கணமே கூட்டம் கத்தி மரமேறியது. மான், மந்தி போன்ற வேற்று விலங்குகளின் அபாயக் குரலையும் அவை புரிந்துகொள்கின்றன என்று இன்னொரு சோதனையில் காட்டினார்கள்.

உணவு மாறினால் சமூகம் மாறும் என்பதற்குப் பந்திப்பூர், முதுமலை சாலையோரம் ஒரு சோதனைக்கூடமாகிவிட்டது. பெங்களூரைச் சேர்ந்த அனிந்த்ய சின்ஹா அங்கே ஆண்டுக்கணக்கில் நாட்டுக்குரங்கை ஆராய்ந்தவர். சுற்றுலாக்காரர்கள் பிஸ்கட்டும் பழமும் எறியும் சாலையோரத்தில், பல ஆண் கொண்ட பெருங்கூட்டம் என்ற வழக்கம் மாறி, ஒரே கடுவன் கொண்ட சிறுகூட்டங்கள் தோன்றியதை அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005இல் எழுதினார்கள். ஒரே இடத்தில் விழும் தீனியை ஒரு கடுவன் காவல்காக்க முடியும், காடு முழுதும் சிதறிய பழத்தை முடியாது. அதே பந்திப்பூரில் குரங்குகள் மனிதனைப் பார்த்துக் கையை நீட்டிக் குரல் கொடுத்துத் தீனி கேட்பதை 2018இல் வெளியான ஆய்வு விவரிக்கிறது. காட்டில் தமக்குள் அவை அப்படிக் கை நீட்டிக் கேட்பதில்லை. நமக்காகவே உண்டான சைகை அது.

கூட்டில் பிடித்துக் காட்டில் விட்டால் தீராதா?

இப்போது எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். குரங்கை நேசியுங்கள் என்று கடல் கடந்து உட்கார்ந்து எழுதுவது எளிது. அங்கே ஒரு விளை வைத்திருக்கிறவருக்கு அது எளிதல்ல. தென்னையில் குரும்பையும் கரிக்கும் பிடுங்கி எறியும், ஏத்தன்வாழைக் குலையைப் பிய்க்கும், மரச்சீனியைக் கிளறும், ஓட்டைப் பெயர்க்கும். சக்கை பழுக்கும் காலத்தில் முற்றத்தில் ஒன்றும் காயப்போட முடியாது. வெள்ளறடையில் நான் தங்கியிருந்த வீட்டுச் சித்தப்பா என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மக்களே, நீ அதுக்க மூஞ்சியப் படம் வரஞ்சு வச்சிருக்க. அதுவள ஒரு கூட்டுல அடச்சு நெய்யாறு டாமுக்கு அங்கோட்டு கொண்டு விட்டா தீராதா?"

"தீராது சித்தப்பா" என்றேன். "ஏன்?" என்றார். முற்றத்தில் உட்கார்ந்து இருட்டும்வரை பேசினோம். அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

கூட்டில் முதலில் சிக்குவது யார்? துணிச்சலான இளங்கடுவனும், பசித்த குட்டிகளும். கிழிகாதி போன்ற கிழமந்தி எளிதில் சிக்காது. பாதிக் கூட்டத்தைக் கொண்டுபோய் விட்டால் மிச்சப் பாதி இங்கேயே இருக்கும், தீனிக்குப் போட்டி குறைந்ததால் நன்றாகத் தின்று நன்றாகக் குட்டி போடும். முழுக் கூட்டத்தையும் பிடித்தால் காலியான இடத்துக்குப் பக்கத்துக் கூட்டம் வரும், ஏனென்றால் இழுப்பது இடம்தான், அங்கே இருந்த குரங்கு அல்ல. கொண்டுபோய் விட்டவை என்ன செய்யும்? எந்த மரம் எந்த மாதம் காய்க்கும் என்ற பஞ்சாங்கம் அந்தக் கூட்டத்து மூத்த மந்திகளின் தலைக்குள் இருக்கிறது. அது எங்கள் ஊர்ப் பஞ்சாங்கம், நெய்யாறு காட்டுக்கு உதவாது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் கூட்டங்கள் வேறு விரட்டும். ஆகவே மனித வாசனை தெரிந்த குரங்கு மனிதனைத் தேடியே இறங்கும். அம்பூரிக்கோ, காணிக்காரர் குடியிருப்புக்கோ, எல்லை தாண்டிப் பத்துகாணிக்கோ. ஒரு ஊரின் தொல்லையை இன்னொரு ஊரின் தலையில் இறக்கியதாகவே முடியும்.

சட்டமும் இப்போது வேறு. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தில் நாட்டுக்குரங்கு முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பில், வைக்கப்பட்டது. வடநாட்டுச் செம்முகக் குரங்கோ அட்டவணையிலிருந்தே நீக்கப்பட்டது. விவசாயிகள் படும் பாட்டைச் சொல்லி, நாட்டுக்குரங்கைக் கீழ் அட்டவணைக்கு மாற்றும்படி கேரள அரசு 2025இல் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எங்கும் மலிந்து கிடப்பதாக நாம் நினைக்கும் இந்தக் குரங்கு உண்மையில் குறைந்து வருகிறது. மைசூர்ப் பல்கலைக்கழகத்து மேவா சிங் குழுவினர் மைசூர்ச் சுற்றுவட்டாரத்தில் இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டு 2017இல் எழுதியபோது, அங்கே நாட்டுக்குரங்குகள் பாதிக்கும் மேல் குறைந்திருந்தன. சாலையை அகலப்படுத்த ஆலமரங்களை வெட்டியது ஒரு முக்கியக் காரணம். வடக்கேயிருந்து செம்முகக் குரங்கு தெற்கே பரவி இதன் இடத்தைப் பிடிப்பதை 2011இல் இன்னொரு குழு எழுதியது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நாட்டுக்குரங்கை அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் சித்தப்பாவின் தென்னையில் ஏறும் கூட்டம் குறையவில்லை. மொத்தத்தில் குறைந்து, சில இடங்களில் மட்டும் குவிவதுதான் இன்றைய நிலை.

அப்படியானால் என்னதான் வழி என்றார். இமாசலப் பிரதேசத்தில் செம்முகக் குரங்குகளுக்குக் கருத்தடை செய்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். செய்த குரங்கைப் பிடித்த இடத்திலேயே விடுவதால் கூட்டம் உடைவதில்லை, ஆனால் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும், செலவும் அதிகம். அதைவிட எளியது, வீட்டுக் குப்பையும் கோழிக்கழிவும் திறந்து கிடக்காமல் பார்த்துக்கொள்வது, கோயில் வாசலில் பழம் எறியாமலிருப்பது. இவற்றை ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை, ஒரு வார்டு முழுவதும் செய்ய வேண்டும். காட்டோரத்தில் அயினியும் காட்டுப்பிலாவும் அத்தியும் வெட்டாமல் விடுவது இன்னொன்று. ரப்பர் வருமுன் எங்கள் மலையடிவாரமெல்லாம் அந்த மரங்கள்தாம். ரப்பர்த் தோட்டத்தில் குரங்குக்குச் சொல்லும்படியான தீனி எதுவும் இல்லை, அதைக் கடந்து வந்தால் அடுத்து நம் வாழைதான்.

சித்தப்பா முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. "அயினிய வெட்டாம விட்டா எனக்கு யாரு ரூவா தருவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ரப்பருக்கு மானியம் கொடுத்த அரசுகள் அயினி மரத்துக்கும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். இருபது அடிக்குக் குறையாமல் தள்ளி உட்காருங்கள். கையில் தீனியோ பிளாஸ்டிக் பையோ வேண்டாம். குரங்கின் கண்ணை நேராக உற்றுப் பார்க்காதீர்கள், அதன் மொழியில் அது மிரட்டல். வாயை வட்டமாகத் திறந்து முறைத்தால் அது உங்களை மிரட்டுகிறது, பின்வாங்குங்கள். பல்லை இளித்துக் காட்டினால் அது சிரிப்பல்ல, பயம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரே ஒரு குரங்கைத் தேர்ந்துகொள்ளுங்கள். முகத்தை வரைந்து பெயர் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது என்ன செய்கிறது, பக்கத்தில் யார் என்று எழுதுங்கள். யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள் என்று அம்பு போடுங்கள். யார் வந்தால் யார் எழுந்து இடம் கொடுக்கிறார்கள் என்று தனியே குறியுங்கள். நாள், நேரம், ஊர், மரத்தின் பெயர் மறக்கக் கூடாது. மரத்தின் பெயர் தெரியாவிட்டால் பாட்டியைக் கேளுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால் அடுத்த பருவத்து வகுப்பில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். எங்கள் பக்கம் போகிறவர்களுக்குச் சித்திரை, வைகாசி நல்ல காலம். அயினி பழுத்திருக்கும், காலை ஏழு மணிக்குள் மரத்தடிக்குப் போய்விட வேண்டும்.